சந்தனம் பூசிய மைக்

தனியாக இருக்கும்போது பேசாத மனிதர் கிடையாது. குளியலறையில் பேசுகிறோம், ஸ்கூட்டரில் போகும்போது பேசுகிறோம். மேலதிகாரியின் அறைக்குள் சொல்லியிருக்க வேண்டிய பதிலையெல்லாம் படிக்கட்டில் இறங்கும்போது சொல்லிக்கொள்கிறோம். யாரும் கேட்காத வரையில் இதில் ஒரு தப்பும் இல்லை. என் விஷயத்தில் மைசூர் வட்டாரத்து ஆகாயம் முழுக்கக் கேட்டது. அதைவிட மோசம், என் அப்பா கேட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊருக்குத் தெற்கே, நஞ்சன்கூடு சாலையில் ஒரு விமான ஓடுதளம் இருந்தது. பயணிகள் விமானம் எதுவும் வராது. பெரும்பாலான நாட்களில் மாடுகள்தான் தரையிறங்கும். அதன் ஓரத்துத் தகரக் கொட்டகையில் ஒரு சின்ன ஃபிளையிங் கிளப். கிளப்புக்கு ஒரே விமானம். புஷ்பக் என்று பெயர், இரண்டு பேர் தோள் இடிக்க உட்காரலாம். (இராவணன் வைத்திருந்ததற்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை.) கொட்டகைக்கு மேலே மரப்படி ஏறிப் போனால் ஓர் அறை, அதில் ஒரு ரேடியோ, ஒரு பைனாகுலர், ஒரு பெரிய கைவிளக்கு. அதை நாங்கள் மரியாதையாக டவர் என்று சொல்வோம்.

அங்கே எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் கேப்டன் சோமய்யா. அவருடைய தமிழ் மெட்ராஸில் கற்றது, கோபம் குடகிலிருந்து கொண்டுவந்தது. நானோ கனவில் நடமாடுகிற ரகம். சிட்டி பஸ்ஸில் ஏறினால் நான் இறங்க வேண்டிய ஸ்டாப் என்னைக் கடந்து போய்விடும். இப்படிப்பட்டவனை ஆகாயத்தில் விடுவது பற்றி அவருக்குக் கவலை இருந்திருக்கிறது. அதனால் விமானம் ஓட்டுவதைவிட ரேடியோவில் பேசுவதைத்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தார்.

“மொதல்ல கேளு. அப்புறம் யோசி. அப்புறம் பட்டன அமுக்கு. அப்புறம் பேசு. அப்புறம் விடு. அஞ்சு வேலை. அஞ்சாவத மறந்தேன்னு வை, ஊருக்கே வாயடைச்சுப் போவும்.”

காரணம் எளிமையானது. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மைக்கின் பட்டன் அமுங்கியிருக்கும் வரை நாம் பேசுவது எல்லோருக்கும் போகும், நமக்கு ஒன்றும் வராது, மற்றவர்களாலும் பேச முடியாது.

என் அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவு. தாத்தா தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்கு வந்ததும் ரயில்வேக்காகத்தான். எங்கள் வீட்டில் ரயில்வே என்பது வேலை இல்லை, குலம். நானும் பரீட்சை எழுதிச் சேர வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. அவர் முகத்தைப் பார்த்து நான் அதுவரை பேசியிருந்த மிக நீளமான வாக்கியம் ‘சரிப்பா’. அம்மா நடுவில் புகுந்து மன்றாடியதில் அப்பா ஓர் அடி இறங்கி வந்தார்.

“விஜயதசமிக்கு வர்றேன். ஓட்டட்டும், பாக்குறேன். பாத்துட்டு வேணாம்னு சொன்னா ரயில்வேதான். அதுக்கப்புறம் பேச்சு கெடையாது.”

அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகத் தனியே ஊரைச் சுற்றி வருவதாக இருந்தது. சாமுண்டி மலையோரமாக வடக்கே போய், ஸ்ரீரங்கப்பட்டணம், அங்கிருந்து கிருஷ்ணராஜ சாகர் அணை, திரும்பி ஓடுதளம். அப்பா ‘ம்’ என்று தலையசைத்தால் நான் விமானி, இல்லாவிட்டால் ஏதாவது ஸ்டேஷனில் பச்சைக்கொடி. எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலையில் விஜயதசமிக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை வந்தது. மைசூரில் ஆயுத பூஜைக்குத் தப்பிய இரும்பு கிடையாது. கிளப்பிலும் புஷ்பக்குக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசாரி விமானத்தின் மூக்கில் ஒரு பொட்டு வைத்து முடித்துவிட்டார். எனக்குப் போதவில்லை. சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்குள் ஏறினேன். ஓட்டுகிற ஸ்டிக்குக்குப் பொட்டு, மீட்டர்களுக்கெல்லாம் பொட்டு, கதவுக் கைப்பிடிக்குப் பொட்டு. நாளை என் தலையெழுத்தே இதில்தானே என்று மைக்குக்கு மட்டும் தாராளமாக அப்பினேன், பட்டன் மேலேயே. மறுநாள் காலை கேப்டன் என்னைத் திட்டிக்கொண்டே மீட்டர் கண்ணாடிகளைத் துடைத்தார். மைக் அவர் கண்ணில் படவில்லை.

விஜயதசமி காலை. அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடும், அம்மா தூக்குச்சட்டியில் புளிசாதத்தோடும், தங்கை சுதா சும்மாவும் வந்து இறங்கினார்கள். கேப்டன் அவர்களுக்கு நிழலில் நாற்காலி போட்டார். போதாதென்று, டவர் ரேடியோவிலிருந்து ஒயர் இழுத்து வெளியே ஒரு ஸ்பீக்கரும் வைத்தார்.

“பையன் ரேடியோல பேசுறது கேளுங்க சார். ரொம்பக் கம்மியாத்தான் பேசுவான்” என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாராம்.

நான் கிளம்பினேன். மைக்கைக் கீழே போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் அதைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். தரை விலகியது. புறப்பட்டுவிட்டேன், வடக்கே போகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒழுங்காக அறிவித்தேன். சந்தோஷத்தில் பட்டனைச் சற்று பலமாகவே அமுக்கியிருக்கிறேன். அது உள்ளே போனது, வெளியே வரவில்லை. இரவெல்லாம் இடுக்கில் காய்ந்து சிமெண்ட்டாகியிருந்தது என் பக்தி.

டவரிலிருந்து பதில் வரவில்லை. விஜயதசமி, கேப்டனும் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை விட்டிருந்த ஐப்பசி வெளிச்சம். அங்கங்கே மேகம், உலரப் போட்ட வெள்ளை வேட்டி மாதிரி. என் குரலைத் தவிர உலகத்தில் வேறு குரல் இல்லை. இன்ஜின் இரைச்சலில் தனக்குத் தானே பேசுவதானாலும் கத்தித்தான் பேச வேண்டும். நான் கத்தினேன்.

“பயணிகள் கவனத்துக்கு. வலப்பக்கம் தெரியுறது சாமுண்டி மலை. இடப்பக்கம் அரண்மனை. சாயங்காலம் ஊர்வலத்துக்கு யானை கெளம்பும், அதுக்குள்ள எறங்கிடலாம். கொஞ்சம் தள்ளிப் பாத்தா எங்க வீட்டு மொட்டை மாடி. அம்மா வடாம் காயப் போட்டுட்டு மூடாம வந்துட்டாங்க. இன்னிக்கி காக்காய்க்கு தசரா.”

கீழே அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாராம். (இதெல்லாம் சுதா பிறகு சொன்னது. அவளுக்கு அன்றைய தினத்தில் ஒரு சொல்கூட மறக்கவில்லை.)

“நம்ம கேப்டன் நல்ல மனுஷன். மீசைக்கு மட்டும் மை போடுறாரு. வேர்த்தா காலர்ல எறங்கிடுது. சொன்னா அடிப்பாரு.”

கேப்டன் கைக்குட்டையை எடுத்து, எடுத்தது தெரியாமல் மறுபடி வைத்துக்கொண்டாராம்.

ஸ்ரீரங்கப்பட்டணம் வந்தது. காவிரி இரண்டாகப் பிரிந்து, ஊரை நடுவில் வைத்துக்கொண்டு, மறுபடி சேர்ந்தது. ரங்கநாதர் கோபுரம் கட்டைவிரல் அளவு. வயல்களில் தண்ணீர் நின்றது, அதில் நான் போகிற நிழல் கூடவே வந்தது. அந்த மாதிரி ஓர் அமைதி எனக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை. தூங்கும்போது கனவில் பேசுகிறவனைப் போல என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“கோபுரத்துக்கு நேர் மேல இருக்கேன். ஆயிரத்தைந்நூறு அடி. எறங்கிப் பாக்கலாமா? வேணாம், இதே ஒயரத்துல ஆத்தோட மேற்க போவோம்.” கொஞ்ச தூரம் போன பிறகு, “அப்பா” என்றேன். “எனக்கு ரயில்வே வேணாம்ப்பா. ரயில் மேல கோவம் இல்ல. ஆனா தண்டவாளத்த ஏற்கெனவே யாரோ போட்டு வெச்சுட்டாங்கப்பா. எனக்கு இங்க இருந்தாத்தான் முழிச்சிக்கிட்டு இருக்க மாதிரி இருக்கு. ஒங்க மொகத்தப் பாத்து இத சொல்ல எனக்கு தைரியம் கெடையாது. அதான் ஆகாயத்துகிட்ட சொல்லிக்கிறேன்.”

சொல்லிவிட்டு அழுதேன். மூக்கைச் சிந்தினேன். இரண்டும் தெளிவாகக் கேட்டதாம்.

இந்த நேரத்தில்தான் கதையின் விபரீதமான பகுதி. தசரா ஊர்வலத்துக்காக ஒரு பெரிய அதிகாரியை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து ஓர் அரசாங்க விமானம் வந்துகொண்டிருந்தது. மதியம் வர வேண்டியது, முன்னதாகவே வந்துவிட்டது. அது வருகிற வழியும் ஸ்ரீரங்கப்பட்டணம்தான். அதன் விமானி டவரைக் கூப்பிடக் கூப்பிட, என் சுற்றுலா வர்ணனைதான் அவர் காதில் விழுந்தது. கேப்டனால் அவரையும் எச்சரிக்க முடியவில்லை, என்னையும் நிறுத்த முடியவில்லை. வடக்கே புள்ளியாக அந்த விமானம் தெரிந்ததும் அப்பாவும் எழுந்துவிட்டார். சிக்னல்காரருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“சிங்கிள் லைன்ல ரெண்டு வண்டி” என்று மட்டும் சொன்னாராம். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். எங்கள் வீட்டில் அப்படிப் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

எனக்கு இதெல்லாம் தெரியாது. அணையைப் பார்த்து ரசித்துவிட்டுத் தெற்கே திரும்பினேன். ஓடுதளத்தை நெருங்கும்போது கொட்டகை மேல் ஒரு சிவப்பு விளக்கு என்னையே பார்த்து எரிந்தது.

“அடடே, இங்கயும் லைட் அலங்காரம் பண்ணிட்டாங்க. பகல்லயே போட்டுட்டாங்க, பரவால்ல, நல்லாருக்கு.”

ஸ்பீக்கரில் இதைக் கேட்ட அப்பா, “சிக்னல்காரன் புள்ள” என்று முணுமுணுத்துவிட்டுத் தரையைப் பார்த்தாராம். அன்று கேட்டதில் அவருக்கு மிகவும் வலித்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இறங்கப் போகிற நேரத்தில் ஓடுதளத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு விமானம் உருண்டு போவதைப் பார்த்தேன். மனப்பாடம் செய்த விதி அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரேடியோ வேலை செய்யாவிட்டால் டவரின் விளக்கைப் பார்க்க வேண்டும், அசையாத சிவப்பு என்றால் வழிவிட்டு வட்டமடிக்க வேண்டும். மேலே எழும்பி வட்டமடித்தேன். ரேடியோ ஏன் வேலை செய்யவில்லை என்று குனிந்தேன். கழுத்தில் மைக், அதில் சந்தனம், அதற்குள் புதைந்த பட்டன். நகத்தால் நெம்பினேன். டிக் என்று வெளியே வந்தது.

கேப்டன் குரல், கோபமே இல்லாமல் வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“டெல்டா கிலோ. கேக்குதா?” ரேடியோவில் என் விமானத்தைக் கூப்பிடுகிற பெயர் அது.

“கேக்குது சார். நான் பேசுனது ஏதாவது அங்க கேட்டுச்சா சார்?”

ரேடியோ தெளிவாகக் கேட்கிறதா என்பதற்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் சொல்வது வழக்கம்.

“அஞ்சுக்கு அஞ்சு” என்றார் கேப்டன்.

“எங்கேர்ந்து சார்?”

“பயணிகள் கவனத்துக்குலேர்ந்து.”

விமானத்தைத் திருப்பி கேரளா பக்கம் போய்விடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். பச்சை விளக்கு காட்டினார்கள். இறங்கினேன். அந்தத் தரையிறக்கம் என் வாழ்க்கையிலேயே அழகானது, யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கொட்டகையருகே எல்லோரும் நின்றார்கள். நான் அப்பாவின் செருப்பை மட்டும் பார்த்தேன். அரசாங்க விமானத்தின் விமானி, சேலத்துக்காரர், நடந்து வந்து என் தோளில் கை போட்டார்.

“தம்பி, வலப்பக்கம் சாமுண்டி மலைன்னீங்க. எனக்கு எடப்பக்கம்ல தெரிஞ்சுது” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். “எதிர்ல வந்துக்கிட்டு இருந்தேன்ப்பா. கோபுரம், ஒயரம், மேற்கன்னு நீங்க சொல்லிக்கிட்டே போனதால கெழக்க ஒதுங்கி வந்தேன். வாய மூடிக்கிட்டு போயிருந்தா சிரமம்.”

சுதாவைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் என்னைத் தரையிறக்கிவைத்தார், மூன்று மாதம் விமானத்தைத் தொடக்கூடாது, டவரில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். “ஒனக்கு பேச்சுதாண்டா வருது” என்றார். அவர் தண்டனையாகச் சொன்னதுதான் பிறகு என் வேலையாயிற்று. இன்று நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி. சுருக்கமாகப் பேசுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன்.

ஆனால் அன்று அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அப்பா. ஊர்வலக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. ஜன்னலோரம் அப்பா, பக்கத்தில் நான்.

“ரயில்வேல ஒன்ன மாதிரி ஆளுக்கு வேலை இல்ல” என்றார் கடைசியில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. “எங்க வண்டி எங்க போகுதுன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். யாரும் சொல்லிக்கிட்டே போக வேண்டியதில்ல. நீ அங்கயே இரு.”

“சரிப்பா” என்றேன். அழாமல் சொல்ல மிகவும் பாடுபட்டேன்.

வடாம் போனதற்கு அம்மா இன்றுவரை என்னைத்தான் குற்றவாளி என்கிறார், பார்த்தவன் எடுத்து மூடியிருக்கலாமாம். சுதாவோ அந்தச் சம்பவத்திலிருந்து வேறொன்றைக் கற்றுக்கொண்டாள். சில வருடம் கழித்து ஒரு மாலை அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா கீழே முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று மேலிருந்து உரத்த குரல்.

“பயணிகள் கவனத்துக்கு. என் ஆபீஸ்ல மஞ்சுநாத்னு ஒருத்தர் இருக்காரு. கன்னடக்காரரு. நல்லவரு. மொகத்தப் பாத்து சொல்ல தைரியம் இல்ல, அதனால ஆகாயத்துகிட்ட சொல்றேன்.”

சமையலறையில் அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா பேப்பரை மடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணாந்து பார்க்கவில்லை.

“சரியா கேக்கல” என்றார். “இன்னொரு தடவ சொல்லு.”

அதிலிருந்து எங்கள் வீட்டில் அப்பாவிடம் நேரில் சொல்ல முடியாதது எதுவானாலும் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. போன மாதம் என் மகள் தனக்கு இன்ஜினியரிங் வேண்டாம் என்று அங்கே நின்று ஆகாயத்திடம் சொன்னாள். இந்த முறை கீழே பேப்பரோடு உட்கார்ந்திருந்தவன் நான்.