குதிரைவாலிக்கு ஏலம் போன கிட்டார்

சத்தியம்! சத்தியம்! சத்தியம்! இதுல ஒரு எழுத்து பொய் இருந்தாலும் என் மொபெட்டு இனிமே ஸ்டார்ட்டே ஆக வேண்டாம்.

அது ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகுறதில்லன்னு உள்ளூர்க்காரங்க கீழ வந்து கமெண்டு போட வேண்டாம். போன மாசம் கம்மாயில முதலையோட மல்லுக்கட்டின கதைய எழுதினேன். ஒருத்தரும் நம்பல. சரி, அதுல கொஞ்சம் கூடக்குறைய இருந்திருக்கலாம். முதலையே இல்லாமக்கூட இருந்திருக்கலாம். ஆனா இது நடந்தது.

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பாளையம்பட்டிக்குப் போயி ஒரு வாழைத்தார் வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான்.

எங்க ஊர் சர்ச்சுல அறுப்பின் பண்டிகை. அவுகவுக காட்டுல வெளைஞ்சதைக் கொண்டாந்து பீடத்துக்கு முன்னால காணிக்கையா வைக்கணும். எங்க காட்டுல குதிரைவாலி வெளையும். மழை இல்லாட்டி வேலிக்கருவை வெளையும். வாழையா? எங்க மண்ணுல வாழைய நட்டா, அதுவே எந்திரிச்சு பஸ்ஸேறி தேனிப் பக்கம் போயிரும். ஆனா வருசாவருசம் பீடத்துக்கு முன்னால எங்க வீட்டு வாழைத்தார்தான் எடுப்பா நிக்கணும் என் வீட்டுக்காரி எஸ்தருக்கு.

"கடையில வாங்குனதுன்னு ஒரு பயலுக்கும் தெரியக் கூடாது. வர்ற வழியில நம்ம காட்டு மண்ணைக் கொஞ்சம் பூசிருங்க"ன்னு சொல்லித்தான் அனுப்பினா.

தாரை மொபெட்டுல முன்னால வச்சுக் கட்டிக்கிட்டு திருச்சுழி ரோட்டுல வாரேன். கருவேல நெழல்ல ஒரு பெரிய காரு மூடியைத் தொறந்துக்கிட்டு நிக்குது. உள்ள இருந்து ஆவி வருது. பக்கத்துல ஒரு ஆளு. நரைச்ச குடுமி, முட்டியில கிழிஞ்ச பேண்டு, முதுகுல நீளமா ஒரு பை.

பாவம், நல்ல பேண்டு வாங்க வழியில்லாத ஆளுன்னு நெனைச்சு வண்டிய நிறுத்தினேன். கிட்டப் போயி மொகத்தைப் பாத்ததும் எனக்குக் கிறுகிறுன்னு வந்துருச்சு!

கிட்டார்காரர்! ராக்கு கச்சேரி பண்றவர்! பேரைச் சொல்ல மாட்டேன், அவர் வக்கீல் வச்சிருப்பார். வெளிநாட்டுல இவர் ஒரு கம்பியைத் தட்டினா ஸ்டேடியமே எந்திரிச்சு ஆடுமாம்.

"உங்களைத் தெரியாமலா இருக்கும்? தெனமும் எந்திரிச்சதும் உங்க மொகத்துலதானே முழிக்கிறேன்!"னு கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

மனுசன் கண்ணு கலங்கிருச்சு. "இந்த ஊர்லயுமா ஐயா?"

அதுல பொய் எதுவும் இல்ல. என் மக வேலைக்கு பெங்களூர் போனப்ப இவரோட பெரிய படம் ஒண்ணை விட்டுட்டுப் போனா. கோழிக்கூட்டுல காத்து அடைக்க அதைத்தான் ஒட்டியிருக்கேன். காலையில முட்டை எடுக்கக் குனிஞ்சா இவர்தான் முறைப்பார்.

அவுக அம்மா பொறந்த ஊரு திருச்சுழிப் பக்கமாம். அதைப் பாத்துட்டுத் திரும்புறாராம், சாயங்காலம் மதுரையில கச்சேரியாம். மெக்கானிக்கு வர ரெண்டு மணி நேரம் ஆகும்னு டிரைவர் சொன்னாரு.

"எங்க சர்ச்சுல கறிச்சோறு ஆக்கியிருக்கு, வாங்க"ன்னேன்.

அவர் யோசிச்சாரு. கறின்னதும் ஏறிட்டாரு.

உலகம் சுத்தின கிட்டார்காரர் என் மொபெட்டுல பின்னால! வழியில தாருக்கு எங்க காட்டு மண்ணைப் பூசுறப்ப, பாளையம்பட்டிக் கடையில வாங்கினதுன்னு அவர்கிட்ட மட்டும் சொன்னேன். நான் ஊருக்குள்ள நுழையறப்ப வேணும்னே மூணு தெரு சுத்தித்தான் போனேன். தெருவுல ஒரு மனுசன் இல்ல. எல்லாரும் சர்ச்சுல இருக்காக. ஒரு வெள்ளாடு மட்டும் பாத்துச்சு.

பந்தல்ல எலையைப் போட்டதும் அவர் பையைத் தொறந்து கிட்டாரைத் தொட்டுப் பாத்தாரு. ரத்தச் செவப்புல பளபளன்னு இருக்கு.

"ஐயா, இது சூடாகக் கூடாது. எங்கயாவது குளுமையா, யாரும் தொடாத எடமா இருந்தா நல்லது. இந்தக் கிட்டார் இல்லாம நான் மேடை ஏறினதே இல்ல. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்னைக்கு கச்சேரியே கெடையாது."

"எங்கிட்ட விடுங்க!"ன்னு வாங்கினேன்.

ஊர்லயே குளுமையான எடம் சர்ச்சுக்குள்ள. அதுலயும் யாரும் தொடாத எடம் பீடத்துக்கு முன்னால. ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்கப்ப எவன் கை வைப்பான்? பூசணிக்காய்க்கும், வந்ததும் நான் எறக்கி வச்ச எங்க வாழைத்தாருக்கும் நடுவுல அணைச்சு வச்சுட்டு வந்து முன் பெஞ்சுல உக்காந்தேன். என் அறிவை நானே மெச்சிக்கிட்டேன்.

பெரிய ஆளைக் கூட்டிட்டு வந்த மிதப்புல ஒண்ணை மறந்துட்டேன். எங்க சர்ச்சுல பீடத்துக்கு முன்னால வச்ச எதுவும் சும்மா வெளிய போகாது. ஏலத்துல எடுத்துத்தான் கொண்டு போகணும். அதுவும் காசுக்கு இல்ல, தானியத்துக்கு. ஏதோ ஒரு பஞ்சத்துல காசு இல்லாம ஆரம்பிச்ச வழக்கம், இன்னும் விடல.

ஏலம் விடுறவன் ஞானமுத்து. என் மச்சினன். எஸ்தரோட தம்பி. மைக்கு கையில கெடைச்சா சாப்பாட்டையே மறந்துருவான்.

பூசணிக்காய் போச்சு. வெடக்கோழி போச்சு. அடுத்து அவன் குனிஞ்சு ஒண்ணைத் தூக்கினான்.

"அடுத்து, செவப்புக் கலருல ஒரு கித்தாரு! புதுக்காணிக்கை!"

ஓடினேன். "மாப்ள, அது காணிக்கை இல்லப்பா! விருந்தாளியோடது!"

அவன் மைக்கைப் பொத்திக்கிட்டான். "மச்சான், பீடத்துக்கு முன்னால வந்துருச்சுல்ல? போன வருசம் போதகரு குடையை மறந்து வச்சுட்டாக. அவுகளே ஏலம் எடுத்துத்தான் நனையாம வீட்டுக்குப் போனாக. போயி உக்காருங்க."

அதுக்குள்ள பின்னால இருந்து, காட்டுல கடலை போட்டிருக்கிற ஆசீர்வாதம் கத்துறான். "ஒரு மரக்கால் குதிரைவாலி!"

"ஏலே, உனக்கு எதுக்குடா கித்தாரு?"ன்னான் ஞானமுத்து.

"காட்டுப்பன்னி ராவெல்லாம் கடலையை நோண்டுது மாமா. கைக்கு வாட்டமா, கனமா இருக்கு. ஒரே போடு!"

எப்படியும் காப்பாத்தணும். கையைத் தூக்கினேன். "ஒரு மூட்டை!"

பந்தல்ல கூம்பு ஸ்பீக்கர்ல சத்தம் கேட்டிருக்கு. கிட்டார்காரர் கொழம்புக் கையோட பின்வாசல்ல ஓடி வந்து, "ஐயோ, அது என்னோடது!"ன்னு கையைத் தூக்கினாரு.

"பின்னால இருந்து ரெண்டு மூட்டை!"ன்னான் ஞானமுத்து.

நடுவுல தூண் மறைக்குது, ஸ்பீக்கர் சத்தத்துல குரலும் பிடிபடல. எனக்கு அவர் தெரியல, அவருக்கு நான் தெரியல. ஆசீர்வாதம்தான் விடாம கேக்குறான்னு நான் நெனைச்சேன். எவனோ தன் உயிரைப் பறிக்கிறான்னு அவர் நெனைச்சாரு.

"மூணு!"ன்னேன்.

"நாலு!"ன்னாரு. எதுல நாலுன்னு அவருக்கே தெரியாது.

அஞ்சு. ஆறு. ஏழு. ஆசீர்வாதம் எப்பவோ உக்காந்துட்டான். நான் "ஒம்பது!"ன்னு கத்தினேன். எங்க காட்டுல இந்த வருசம் வெளைஞ்சதே நாலு மூட்டை.

பெண்கள் பக்கம் எஸ்தர் எந்திரிச்சா. "ஏங்க! கிறுக்குப் பிடிச்சிருச்சா? உக்காருங்க!"ன்னு கையை வீசினா பாருங்க...

"எங்க அக்கா பத்து மூட்டை! ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

முடிஞ்சது. உலகப் புகழ் கிட்டார் என் வீட்டுக்காரிக்குச் சொந்தம்.

கிட்டார்காரர் தூணைச் சுத்தி வந்து என்னைப் பாத்தாரு. "நீங்கதானா ஐயா அது?"

"நீங்கதானா தம்பி அது?"

அவர் நேரா எஸ்தர்கிட்டப் போனாரு. "அம்மா, எவ்வளவு பணம்னாலும் தாரேன்."

"காசெல்லாம் வேண்டாம். முதல்ல இது உங்களுதுதான்னு நான் எப்படி நம்புறது? வாசிச்சுக் காட்டுங்க." சொல்லிட்டு மொகத்தை உத்துப் பாத்தா. "இவுகளை எங்கயோ பாத்திருக்கேனே... ஏங்க, நம்ம கோழிக்கூடு..."

"கோழிக்கூடுங்கறது எங்க வீட்டுப் பேரு தம்பி"ன்னேன் அவசரமா.

சர்ச்சு ஸ்பீக்கர்ல வயரைச் சொருகி ஒரு தட்டு தட்டினாரு பாருங்க! ஏலத்துல போன வெடக்கோழி பறந்து மணிக்கூண்டுல உக்காந்துருச்சு. கூம்பு ஸ்பீக்கர் வேப்ப மரத்துல இருந்து எறங்கி ஓடப் பாத்துச்சு. பாளையம்பட்டி டவுன் பஸ்ஸு தானா பிரேக்கு போட்டு நின்னுச்சு. அன்னைக்கு ஓடின காட்டுப்பன்னி ஒண்ணுகூட இன்னும் ஆசீர்வாதம் காட்டுக்குத் திரும்பல. சத்தியம்!

வாசிச்சு முடிச்சாரு.

முன்னால இருந்த ஒரு அம்மா மெதுவாக் கேட்டாக. "நல்லாத்தான் கம்பியை முறுக்கிச் சுருதி சேக்குறாரு. பாட்டை எப்ப ஆரம்பிப்பாரு?"

எஸ்தர் கிட்டாரை முந்தானையால தொடைச்சா. கொழம்புக் கறை. "உங்களுதுதான். ஆனா ஏலத்துல எடுத்தது என்னுது. ரெண்டும் ஞாயந்தான். இரவலாத் தாரேன், கொண்டு போங்க. அடுத்த அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டாந்து கணக்கா ஒப்படைச்சுரணும்."

அவ்வளவு பெரிய மனுசன் சரின்னு தலையை ஆட்டினாரு! வெளிய ரிப்பேர் முடிஞ்ச காரு அவரைத் தேடி வந்து ஹாரன் அடிச்சுச்சு. கிட்டாரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஓட்டம். கறிச்சோத்துல பாதி எலையிலயே கெடந்துச்சு.

மறுநாள் காலையில மக பெங்களூர்ல இருந்து போன் போட்டா. ஒரே கூச்சல். "அப்பா! நேத்து மதுரை மேடையில அவர், 'இந்தக் கிட்டார் எனக்குச் சொந்தம் இல்ல, எஸ்தரம்மா இரவல் குடுத்தது'ன்னாராம்! கூட்டம் பூரா 'எஸ்தரம்மா, எஸ்தரம்மா'ன்னு கத்துச்சாம்!"

"என்னைப் பத்தி?"

"சொன்னாராம்ப்பா. 'பாளையம்பட்டிக் கடையில வாழைத்தார் வாங்கிட்டு வந்த ஒரு பெரியவர்'னாராம்."

அக்கம்பக்கம் கேட்டுறாம போனைக் காதோட அமுக்கிக்கிட்டேன். நல்லவேளை, எங்க ஊர்ல ஒருத்தரும் ராக்கு கச்சேரிக்குப் போகல.

எஸ்தர் இப்ப தெருவுல நடந்தா தனி நடை. நான் நாலு மூட்டை குதிரைவாலியை எறக்கிட்டு, மிச்சத்துக்கு ஈடா தெனமும் சர்ச்சு வாசலைக் கூட்டுறேன். கோழிக்கூட்டுப் படத்துல அவர் இப்பல்லாம் முறைக்கிறதில்ல. சிரிக்கிறாரு.

நீங்க இதை யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. யாரு சொன்னான்னு மட்டும் சொல்லிராதீக. அந்த வாழைத்தாரை ஏலத்துல எடுத்தது போதகரு. எங்க காட்டுல வெளைஞ்சதுன்னு நம்பி, வாழைக்கன்னு கேட்டு நாளைக்கு வீட்டுக்கு வாராக.