வேளைக்கு ஒரு அடி

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. வாய் மட்டும் நிற்காமல் மேற்படிப்புக்குப் போய்விட்டது. அது பட்டம் வாங்கிய கதைதான் இது.

எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்று ஒரு சின்னக் கம்பிவலையைச் செருகிவிட்டார்கள். கூடவே கை நிறைய மாத்திரை. கொஞ்ச நாளில் அவர் உடம்பில் அங்கங்கே நீலம் பூத்தது. கட்டிலில் இடித்தால் நீலம். ஆட்டுக்குட்டி முட்டினால் நீலம். மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"ரத்தத்துல தட்டணுன்னு குட்டி குட்டியா இருக்கும்மா. அது ஒவ்வொண்ணு மேலயும் காது மாதிரி சிலது இருக்கு. எங்கயாச்சும் அடிபட்டா அங்க இருந்து ஒரு பொருள் கசியும். அதுதான் கூப்பாடு. காதுல விழுந்ததும் எல்லாம் ஓடியாந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓட்டையை அடைச்சிரும்."

"நல்லதுதானத்தா?"

"காயத்துக்கு நல்லது. ஸ்டென்ட்டுக்குள்ள அப்படிக் கூட்டம் போட்டா மறுபடி மாரடைப்பு. அதான் இந்த மாத்திரை அந்தக் காதைப் பொத்தி வைக்குது. அதனால லேசா அழுத்துனாலும் கன்னிப்போகும். பயந்துக்கிட்டு நீங்களா மாத்திரையை நிறுத்திறாதீங்க."

"அப்ப உள்ளுக்குள்ள இருக்கிற காதையும் அடைச்சாச்சு. வெளிக்காது எங்க கல்யாணத்தன்னைக்கே அடைச்சிருச்சு" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அதுதான் வினை. (ஒரு ஆள் சிரிச்சாப் போதும், அப்புறம் எனக்குப் பிரேக் புடிக்காது.)

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஏற்றுவதற்காக அவர் வலது கையை இறுக்கிப் பிடித்தேன். மறுநாள் என் விரல்கள் வரிசையாக அதில் நீலமாகப் பதிந்திருந்தன. எங்கள் தோட்டத்தில் பூப் பறிக்க வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"பெரியாத்தா, பெரியப்பா கையில என்ன இது?"

மாத்திரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை முகம் என் வாயையே பார்க்கும்போது உண்மையைச் சொல்லி வீணாக்க மனசு வரவில்லை.

"வெஞ்சனத்துல உப்பு இல்லைன்னாரு. ரெண்டு வச்சேன்."

சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது. பூமூட்டையோடு வேனில் ஏறிச் சந்தைக்குப் போன அந்தப் பேச்சு, சிரிப்பை அங்கேயே விற்றுவிட்டு, சாயங்காலம் வெறும் சேதியாகத் திரும்பி வந்தது.

எங்கள் தெருவில் காசி என்று ஒருவன். தேங்காய் நார் மில்லில் வேலை. வலது கை ஆள்காட்டி விரலில் பாதியை மிசின் வாங்கிக்கொண்டது. மீதி விரல்கள் பெண்டாட்டி மல்லிகாவை அடிக்கப் போதுமானதாக இருந்தன. முந்தின மாதம்தான் எங்கள் மகளிர் குழு திரண்டு போய், இனி கை நீண்டால் போலீஸ் ஸ்டேஷன்தான் என்று அவன் வாசலில் சொல்லிவிட்டு வந்தது. அதிகமாக முழங்கியது யார் என்று கேட்க வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்குக் காசி வந்தான். டீக்கடையில் இருந்த எங்க வீட்டுக்காரரை, நீலமில்லாத இடது கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தினான்.

"பெரியப்பா, பயப்படாம சொல்லுங்க. பெரியாத்தா உங்களுக்கு அடி குடுக்குதா?"

அவர் காதில் கடைசி 'குடுக்குதா' மட்டும்தான் விழுந்திருக்கிறது.

"குடுக்கிறா அப்பு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒருநா மறந்ததில்லை."

"தெனமுமா?"

"சாப்பாட்டுக்குப் பொறவுதான் குடுப்பா. வெறும் வயித்துல தாங்காதாம். டாக்டரம்மா சொல்லிருக்காக."

கூட்டம் குலுங்கியது. நான் எழுந்து தட்டணு, காது, கூப்பாடு என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். வாழ்நாளில் முதல்முறையாக நான் முழு உண்மை பேசுகிறேன், அதற்குத்தான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"ரத்தத்துக்குக் காதாம்ல. அடுத்தாப்ல கம்மல் கேக்கும்" என்றான் காசி. "எனக்கு நியாயம் சொல்ல வந்த மூஞ்சியப் பாரு. இனிமே எங்க வீட்டு விசயமா எவளும் வாசப்படி ஏறப்படாது."

மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் துணையென்று இருந்தது அந்தக் கூட்டம் ஒன்றுதான். அதை நான் ஓர் உப்பில்லாத வெஞ்சனத்துக்கு விற்றிருந்தேன். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. (காய்ச்சலான்னு வீட்டுக்காரரு நெத்தியத் தொட்டுப் பாத்தாரு.)

மறுநாள் காலை, மாத்திரை கொடுக்க அவர் இடது கையைப் பிடித்தேன். மணிக்கட்டில் புது நீலம். அதில் ஒரு விரல் மட்டும் பாதியில் நின்றது.

மாத்திரையைக் கொடுத்துவிட்டு (சாப்பாட்டுக்குப் பொறவுதான்) குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நேராகக் காசி வீட்டு வாசலுக்குப் போனேன்.

"ஏலே காசி, எங்க வீட்டுப் பெரிய மனுசனை இந்த அடி அடிச்சிருக்கியே."

"நான் எங்க அடிச்சேன்? சும்மா புடிச்சேன் பெரியாத்தா."

"விரலை வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான். செருப்புக்குக் கால் அளவு எடுத்த மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது.

"சத்தியமா சும்மாதான் புடிச்சேன்."

"நானும் பஸ்ஸுல ஏத்த சும்மாதான் புடிச்சேன். காது பொத்துற மாத்திரை அப்படி."

பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நானும் அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் மல்லிகா உள்ளேயிருந்து வந்து, சேலைத் தலைப்பை விலக்கித் தன் கையை நீட்டினாள். பழைய நீலம், மஞ்சள் பாரித்திருந்தது. அதிலும் ஒரு விரல் பாதிதான்.

"நான் எந்த மாத்திரையும் திங்கலையே, பெரியாத்தா" என்றாள்.

காசி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பெண்கள் ஒவ்வொருத்தியாக அவன் வாசப்படியில் ஏறி உட்கார்ந்தார்கள். கடைசியாக நான். அன்றைக்கு யாரும் பூப் பறிக்கப் போகவில்லை.

அதற்கப்புறம் அவன் கை நீளவில்லை. நீண்டால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று மல்லிகாவுக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரை எதிரே பார்த்தால் இன்றைக்கும் காசி கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேசுகிறான்.

எங்கள் வீட்டில் மாத்திரைக்குப் பெயரே அடி என்றாகிவிட்டது. மதுரையில் படிக்கிற பேத்தி தினமும் போனில் கேட்பாள். போன வாரம் நானும் அவரும் பஸ்ஸில் போகும்போது கூப்பிட்டாள். எனக்கு அந்த ஸ்பீக்கரை அமர்த்தத் தெரியாது.

"அப்பத்தா, தாத்தாவுக்கு அடி குடுத்தாச்சா?"

"காலையில குடுத்தாச்சுத்தா. பாக்கி ராத்திரிக்கு."

முன் சீட்டு அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். எங்க வீட்டுக்காரர் கையின் நீலத்தைப் பார்த்தார். எழுந்து வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இறங்குகிற சாணார்பட்டி வரை எழுந்திருக்கவே இல்லை.