கரண்டு ஊதிய சங்கு

இல்லாத பதவியை இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் வியாதி எனக்கு இளமையில் இருந்தது. அது ஒரு நாள் எங்கள் ஊரையே ஆற்றங்கரைக்கு ஓட வைத்தது.

தஞ்சாவூருக்குக் கிழக்கே, ஒரு மிராசுதாரின் ரைஸ்மில்லில் மூட்டைக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. கூடவே கூரை மேலிருந்த சைரனை ஊத வேண்டும். (வெளியூரில் கேட்டால் 'சைரன் ஆபரேட்டர்' என்பேன்.) ஊரில் அதற்குச் சங்கு என்று பெயர். காலையில் ஊதினால் வயலில் இறங்குவார்கள், மதியம் ஊதினால் கஞ்சிக்குக் கரையேறுவார்கள். நிறுத்தாமல் ஊதினால் வெட்டாற்றங்கரையில் உடைப்பு என்று அர்த்தம்.

அந்த ஆவணியில் கூலித் தகராறு. இருபது நாளாக நடவு நின்று, நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் போனால் அந்தப் போகமே போச்சு. மிராசுதாரும் நடவுப் பெண்களின் சங்கத் தலைவி வசந்தாவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. (வசந்தாவுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. குரல் மட்டும் என் சைரனுக்குச் சமம்.)

ஒரு நாள் காலையில் கரண்டு இல்லை. புதிதாக வந்த வாட்ச்மேன், "எப்படிங்க ஊதுவீங்க?" என்று கேட்டுவிட்டார். சும்மா இருப்பேனா? மார்பை நிமிர்த்திச் சுவிட்சைப் போட்டுக் காட்டினேன். அதை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

பாதி டீயில் சங்கு ஊதியது. நிற்கவேயில்லை. "ஐயோ, உடைப்பு!" என்று கிளாஸைப் போட்டுவிட்டு ஓடியவர்களில் முதல் ஆள் நான்தான்.

எனக்கு முன்பே கரையில் வசந்தா நின்றிருந்தாள், தலையில் மணல் மூட்டையோடு. அவள் பின்னால் வைக்கோல் கட்டுகளுடன் நாற்பது பெண்கள். வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு மிராசுதாரும் வந்து சேர்ந்தார். கரை கல்லுப்போல் இருந்தது.

"எங்கடா உடைப்பு? மில்லுல யாருடா ஊதுறது?"

இடுப்பில் சாவி குத்தியது.

"யாரும் இல்லீங்க... கரண்டு ஊதுதுங்க."

"ஓடிப்போயி முதல்ல அதை நிறுத்து! இன்னியோட உனக்குச் சீட்டு கிழிஞ்சுதுடா!"

வசந்தா மூட்டையை இறக்கிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நீங்களும் வந்துட்டீங்க, நாங்களும் வந்துட்டோம். உக்காருங்கய்யா, பேசிடுவோம்."

மிராசுதார் அந்த மூட்டையைப் பார்த்தார். கரைக்குக் கீழே இருந்த தன் வயலைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்குள் கூலி பேசி முடிந்தது, மறுநாள் நடவு. கடைசி நிபந்தனை வசந்தா வைத்தது: எனக்கு வேலை போகக் கூடாது, ஆனால் நான் சங்கைத் தொடவும் கூடாது; அந்த அறைச் சாவி அவளிடம்தான் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். "அவரோட வயல் முழுகட்டும்னு விட்டிருக்கலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவரு மேலதாங்க கோவம். நாத்து என்ன பண்ணுச்சு?" என்றாள். அவளைப்போல ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

இன்றும் ஊரில் கரண்டு போனால், சென்னையில் இருக்கும் மகள் போனில் கேட்கும் முதல் கேள்வி: "அம்மா, அப்பா கை எங்க இருக்கு?"

"கை எங்க வேணா இருக்கட்டும்டி," என்பாள் வசந்தா. "சாவி என் இடுப்புல இருக்கு."