பேட்டரி நனையக் கூடாது

என் இடுப்பு வலிக்கிறது. இருபத்தாறு வருடம் நாற்பது கிலோ நெல்மூட்டைகளைத் தூக்கியும் வராத வலி, நகராத ஒரு காரை முக்கால் மணி நேரம் தள்ளியதில் வந்துவிட்டது. ஆகவே இதைச் சாதாரண வலி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தஞ்சாவூர் ஜில்லாவின் விஞ்ஞான முன்னேற்றத்துக்கு என் இடுப்பு செலுத்திய பங்கு இது.

முன்னேற்றத்தைக் கொண்டுவந்தவர் வசிஷ்ட் சார். சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவர் குடும்பத்துக்கு மிச்சமிருக்கும் ஒரு ஏக்கரைப் பிரகதீஸ்வரி குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவை சார் வந்து நிலத்தைப் 'பார்வையிடுவார்'. இந்தப் புரட்டாசியில் ஹைபிரிட் காரில் வந்தார். பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். அன்றைக்கு இரண்டிலும் ஓடவில்லை.

அன்றைக்குத்தான் பிரகதீஸ்வரியின் குறுவை நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் டோக்கன். ஐந்து மணிக்குள் நாற்பது மூட்டையும் போய்ச் சேர வேண்டும். நான்கு நாள் ரோட்டில் கொட்டிக் கிளறி, கொள்முதலுக்கு வேண்டியபடி ஈரம் பதினேழு சதவீதத்துக்குக் கீழே இறங்கிய நெல். மத்தியானமே நானும் என் ஆட்கள் மூன்று பேரும் மூட்டை பிடித்து, ஜாபிரின் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டோம். வாய்க்கால் கரையில் ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சேறு. பின்னால் போனால் ஊரோடு பாதை முடிந்துவிடும். முன்னால், நட்டநடுவில், சாரின் கார்.

சார் ஒரு மணி நேரமாக வயலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். இன்ஜினை அணைத்துவிட்டு, பாட்டையும் விளக்கையும் மட்டும் ஓடவிட்டிருந்தார். சுற்றுச்சூழல் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

"சார், கொஞ்சம் நகத்துங்க. அஞ்சு மணி டோக்கன்," என்றாள் பிரகதீஸ்வரி.

"ஒரு நிமிஷம்மா." பட்டனை அழுத்தினார். கார் 'டிக்' என்றது. மறுபடி அழுத்தினார். கார் அதைக்கூடச் சொல்லவில்லை.

"பேட்டரி எறங்கிடுச்சு சார்," என்றான் ஜாபிர்.

"சான்ஸே இல்ல. மூணு மாசம் ஆராய்ச்சி பண்ணி வாங்கின பேட்டரி. மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர்லகூட ஸ்டார்ட் ஆகும், தெரியுமா?"

சித்திரையில் வெறுங்காலோடு தார் ரோட்டில் நிற்க முடியாத ஊர் இது. ஆனால் தொலைநோக்கு என்று ஒன்று இருக்கிறதே! காவேரி உறைந்து கட்டியாகும் நாளில் ஜில்லாவிலேயே சாரின் கார் ஒன்றுதான் ஓடும்.

"பராமரிப்பும் அப்படி. இங்க வர்றதுக்கு முன்னாடி மூணு வாரமா வண்டியைத் தொடவே இல்ல. பேட்டரிக்கு ரெஸ்ட் குடுத்தேன்."

"சும்மா நின்னாத்தான் சார் பேட்டரி சாகும். வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரமாவது ஓட்டணும்."

"தம்பி, இது டிராக்டர் இல்ல. இதுல ரெண்டு பேட்டரி. வண்டியை ஓட்டுற பெரிய பேட்டரி ஃபுல்லா இருக்கு."

"அப்ப ஓட்டுங்க."

"சின்ன பேட்டரி வந்து எழுப்பினாத்தான் பெரிய பேட்டரி எந்திரிக்கும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதிகாரி சீட்டில்தான் இருக்கிறார். பியூன் உள்ளே விடவில்லை.

தள்ளினால் ஸ்டார்ட் ஆகாத வண்டி எங்கள் ஊரில் கிடையாது. அம்பாசடர், மினி லாரி, பால் வேன் எல்லாம் எங்கள் தோளுக்குக் கட்டுப்பட்டவை. ஐந்து பேர் கை வைத்தோம். சார் உள்ளே உட்கார்ந்து 'வழிநடத்தினார்'. "இன்னும் கொஞ்சம்! வருது! வருது!" என்றார். வந்தது என் இடுப்புப் பிடிப்புதான். முக்கால் மணி நேரம் கழித்து போனில் பார்த்துச் சொன்னார்: சக்கரத்தின் பூட்டு திறக்கவே கரண்டு வேண்டுமாம். ஹைபிரிட் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாதாம்.

ஜாபிர் டிராக்டரிலிருந்து கேபிளை உருவினான். "ரெண்டு நிமிஷம் சார். என் பேட்டரில இருந்து குடுக்குறேன்."

"நோ! டிராக்டர் கரண்டை இதுல விடுறதா? வாரண்டி போயிடும்!"

கரண்டிலும் மேல், கீழ் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. டிராக்டர் கரண்டு சேற்றில் இறங்கிய கரண்டு.

சார் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். "நாலு மணி நேரத்துக்குள்ள எங்க ஆள் வருவாங்க சார். அதுவரைக்கும் பானட்டைத் திறந்தே வையுங்க. எதையும் தொடாதீங்க. உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி," என்றது ஒரு குரல். எங்களைத் தவிர எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மூன்றரைக்குத் தூறல் விழுந்தது.

"ஐயோ, உள்ள நனையக் கூடாது!" சார் பதறினார். "அந்தத் தார்ப்பாயை எடுங்க!"

"அது நெல்லு மேல கெடக்குது சார்," என்றாள் பிரகதீஸ்வரி.

"நெல்லு தண்ணியில வளர்றதுதானேம்மா. இது எலெக்ட்ரானிக்ஸ்."

வேளாண்மைக் கல்லூரியிலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தர மாட்டார்கள். பிரகதீஸ்வரி என்னைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். நிலம் சாருடையது. இப்போது வாயைத் திறந்தால் அடுத்த போகத்துக்கு அது அவளிடம் இருக்காது.

"அவுத்துக் குடுங்க அப்சர் பாய்," என்றாள்.

அவிழ்த்தது என் கைதான். கயிறு நான் கட்டியது. காருக்கு மேலே தார்ப்பாயை விரித்து, மூலைக்கு ஒருவராக நான்கு பேர் தூக்கிப் பிடித்தோம். தூறல் மழையானது. பிரகதீஸ்வரி டிரெய்லரில் ஏறி, காலிச் சாக்குகளை எடுத்து மூட்டைகள் மேல் போட்டாள். அவை நனைந்து கனத்தன. அப்புறம் அவளே மூட்டை மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். ஒரு ஆளால் எத்தனை மூட்டையை மறைக்க முடியும்?

"காருக்குச் சளி பிடிக்கலையே பாய்?" என்று அங்கிருந்து கேட்டாள். கரண்டு இல்லாததால் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட முடியாமல் சார் அதைக் காதில் போட்டுக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி ஆள் பைக்கில் வந்தார். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, இரண்டு கிளிப். மாட்டினார். கார் விழித்துக்கொண்டது.

"அந்த டிராக்டர் பேட்டரில இருந்து குடுத்திருந்தாலே எடுத்திருக்குமே சார்," என்றார்.

"வாரண்டி?"

"அதுக்கும் வாரண்டிக்கும் என்ன சார்? எங்க மாட்டணும்னு புத்தகத்துல படமே போட்டிருக்கு."

புத்தகம் டேஷ்போர்டுக்குள் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அறிவை அவர் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்.

கொள்முதல் நிலையத்தின் கேட்டைச் சாத்தியிருந்தார்கள். மறுநாள் போனால் ஈரம் இருபத்துநாலு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழை விடாததால் காயவைக்க வழியில்லை; நான்காம் நாள் இருபத்தாறு மூட்டையில் முளை கட்டிவிட்டது.

சார் சென்னை போய் இணையத்தில் ஒரு கட்டுரை எழுதிப் போட்டிருக்கிறார்: 'பேட்டரி பராமரிப்பு: கிராமம் கற்பித்த ஏழு பாடங்கள்'. மூன்றாம் பாடம், 'ஈரத்திலிருந்து காத்தல்'. அதற்கு நாங்கள் தார்ப்பாய் பிடிக்கும் படம். ஏழாம் பாடம், 'எளிய மனிதர்களின் அன்பு'. தொள்ளாயிரம் பேருக்குப் பிடித்திருக்கிறது.

நேற்று பிரகதீஸ்வரிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: 'இந்தப் போகத்துக் குத்தகை நெல் எப்போது அளப்பீர்கள்?'

"என்ன பதில் போடுறது பாய்?" என்று கேட்டாள்.

"நீ போடாத. நிலம் போயிடும். நான் போடுறேன்," என்றேன்.

என் போனிலிருந்து, என் பெயரிலேயே போட்டேன்: வசிஷ்ட் சார், நீங்கள் பிரகதீஸ்வரிக்கு இருபத்தாறு மூட்டை நெல் தர வேண்டும்.