தலைவருக்குக் குழாயடி

பி.டி. வாத்தியார் கோட்டைச்சாமி தலைவராகிவிடுவது என்று முடிவெடுத்தார். விசில் ஊதி ஊதிக் கன்னம் தொங்கியதுதான் மிச்சம், ஹெட்மாஸ்டர் உட்காரு என்றுகூடச் சொன்னதில்லை. இப்போது விளையாட்டு, பொழுதுபோக்குத் தலைமை என்றே ஒரு முதுகலைப் பட்டம் ஆன்லைனில் கொடுக்கிறார்களாம். அவர் ஊரான கோம்பையில் அது யாரிடமும் கிடையாது.

"காலேஜுக்குப் போக வேணாமா?" என்றாள் மனைவி ராஜமணி, வெங்காயம் உரித்தபடி.

"அதான சவுகரியமே. உத்தமபாளையம் பிரவுசிங் சென்டர்ல உக்காந்தாப் போதும். விட்ட பாடத்தத் திரும்பப் போட்டுப் பாத்துக்கலாம்."

சேர்வதற்குத் தகுதி கேட்டார்கள். டிகிரி இருந்தது. இங்கிலீஷ் இருந்த மாதிரி இருந்தது. அடுத்ததுதான் வம்பு. விளையாடிப் பழக்கமில்லாத பத்துப் பேரை மூன்று மாதம் விளையாட வைத்திருக்க வேண்டுமாம். அவர்களே அதற்குச் சாட்சியும் சொல்ல வேண்டுமாம்.

தெருப் பெண்களைக் கூப்பிட்டார். எதிர்வீட்டுச் சங்கிலியம்மாள் சிரித்தாள். "அஞ்சு மணிக்குத்தான் வெயில் தாழும். அஞ்சு மணிக்குத்தான் குழாயும் வரும். குடத்த விட்டுட்டுக் கோகோ ஆடச் சொல்றீகளா சார்?"

"ஒரு ஆளு குழாயப் பாத்துக்கிட்டா சரியாப் போச்சு," என்றாள் ராஜமணி.

"யாரு அந்த ஆளு?" என்று கேட்டார் கோட்டைச்சாமி. கேட்டிருக்கக் கூடாது.

மறுநாளிலிருந்து தலைவர் குழாயடியில். தெருவின் குடமெல்லாம் அவர் பொறுப்பு. வரிசை தாண்டி வந்த குடத்துக்கு விசில் ஊதினார். பெண்களெல்லாம் பின்னால் கதிரடிக்கும் களத்தில்.

ஒருநாள் சத்தம் பொறுக்காமல் எட்டிப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ராஜமணி ஓடிக்கொண்டிருந்தாள். வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடினாள், யார் கைக்கும் சிக்கவில்லை. மாவட்டக் கோகோ அணியில் ஆடிய பெண் என்று பொண்ணு பார்க்கப் போனபோதே சொன்னார்கள். சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜி தின்றவர், அத்தோடு அதை மறந்தும் போனார். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஓடு ஓடு என்று விரட்டியவர், இவளை ஒரு நாள் ஓடச் சொன்னதில்லை. அவருக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது. குழாயடியில் குடம் நிரம்பித் தண்ணீர் தெருவில் ஓடியது.

மூன்று மாதம் முடிந்தது. "சார் இல்லேன்னா நாங்க விளையாடியே இருக்க மாட்டோம்" என்று ராஜமணி போக மற்றப் பத்துப் பேரும் ஒரே வாயாகச் சாட்சி சொன்னார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. சீட்டும் கிடைத்துவிட்டது.

"மணி, திங்கக்கிழமை கிளாஸ் ஆரம்பம். சாயங்காலம் அஞ்சுலருந்து ஆறு."

"அஞ்சா? அப்பத் தண்ணி?"

"அதான் மூணு மாசம் முடிஞ்சிருச்சே."

"உங்களுக்கு முடிஞ்சிருச்சு. எங்களுக்கு இப்பத்தான் காலு சொன்னபடி கேக்குது. பக்கத்து ஊரு தேவாரத்துப் பொம்பளைக வேற போட்டிக்குக் கூப்பிட்டிருக்காக."

"அப்ப நான் படிச்சுத் தலைவராக வேணாமா?"

ராஜமணி அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். காலிக் குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"விட்ட பாடத்தத் திரும்பப் போட்டுப் பாத்துக்கலாம்னு நீங்கதான சொன்னீக. விட்ட தண்ணிய எந்தச் சென்டர்ல போய்ப் பிடிக்கிறதாம்?"