வலப்பக்கம் உட்கார்ந்த அயோக்கியன்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய ஸ்தாங்கா அக்காவுக்கு,

துரோயானிலிருந்து உங்கள் தம்பி டோன்சோ வணங்கி எழுதுவது. அங்கே நீங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலமில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு நெஞ்சு வலி, காரணம் கீழே.

சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து என் இடது காது செத்துப்போனது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் காதோடு இத்தனை காலம் நிம்மதியாகத்தான் குடித்தனம் நடத்தினேன். என்னைக் கட்டிய நெதெல்யாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பேசினால் பதிலில்லை, சுவரோடு வாழ்கிறேன் என்று புலம்பி என்னைக் காது வைத்தியசாலைக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு சின்னப் பெண், என் பேத்தி வயது, பட்டன் மாதிரி ஒரு கருவியை எடுத்து என் இடது காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் ஒட்டினாள். "எலும்பு வழியா சத்தம் போகும், பெரியவரே" என்றாள். எலும்பு சூப்புக்கு ஆகும் என்று தெரியும்; செய்தி அனுப்பவும் ஆகும் என்று யார் நம்புவது? இது கேட்பதையெல்லாம் வேறு யாருக்காவது போய்ச் சொல்லுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். பதில் சொல்லாமல் சிரிப்பவர்களை நான் நம்புவதில்லை. அதன்பிறகு அவள் வெகுநேரம் ஏதேதோ விளக்கினாள். நான் அவள் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தேன். "புரிஞ்சுதா?" என்றாள். புரிந்தது என்று நம் ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன்; பட்டன் கழன்று மேசைக்கு அடியில் விழுந்தது.

அதைப் போட்டுக்கொண்டுதான் என் மகள் செவ்தாவின் நிச்சயதார்த்த விருந்தில் உட்கார்ந்தேன். உங்களுக்கு நினைவிருக்கும். என் வலப்பக்கம் சம்பந்தி ஆகப்போகிற மின்கோ, இடப்பக்கம் நீங்கள், உங்களுக்கு அப்பால் அத்தான். மின்கோவும் நானும் ஒன்றாகப் பட்டாளத்தில் இருந்தவர்கள். ஒரே போர்வையில் தூங்கியவர்கள். ஆட்டுக்கறி வந்தது, என் கையால் காய்ச்சிய பிளம் பழச் சாராயம், ராகியா, வந்தது, மாப்பிள்ளை லூபென் எழுந்து வாழ்த்துச் சொல்லப் போனான். அப்போதுதான் அக்கா, என் வலது காதில், ஒட்டி உட்கார்ந்து ஓதுகிற மாதிரி, ஒரு கிசுகிசுப்பு: "பாவம் இந்தப் பையன், போயும் போயும் இந்த வீட்டுலயா வந்து விழணும்? அப்பன் சரியான பிசினாறி. பொண்ணு வாயாடி. சாராயத்தைப் பாரு, மண்ணெண்ணெய் தோத்துச்சு!"

வலப்பக்கம் திரும்பினேன். மின்கோவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. கறி மென்றான் என்று நெதெல்யா சாதிக்கிறாள். கறி மெல்லுகிறவன் கண்ணில் ஏன் அப்படி ஒரு குறும்பு?

நான் எழுந்து அவன் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசினேன். "மண்ணெண்ணெய் குடிக்கிறவனுக்கு என் வீட்டுல இடமில்லை, எழுந்திரு!" என்றேன். "டேய் டோன்சோ, உனக்கு என்னடா ஆச்சு?" என்று பால்குடிக் குழந்தை மாதிரி கேட்டான் பாருங்கள், அந்த நடிப்புக்கே அவனை அடித்திருக்க வேண்டும். செவ்தா அழுதாள். "அப்பா, மாமா வாயே திறக்கலப்பா!" என்றாள். பிறகு லூபெனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வண்டியிலேயே ஏறிப் போய்விட்டாள். இன்றுவரை வீடு திரும்பவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை.

மறுநாள் மின்கோ ஒரு ஜாடி தேன் அனுப்பினான். சண்டை போட்டவன் எதற்குத் தேன் அனுப்புகிறான்? தொடாதே என்று நெதெல்யாவிடம் சொன்னேன். அவள் ரொட்டியில் வழிய வழியத் தடவி, என் கண்ணெதிரே தின்றாள். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் கவனித்து வருகிறேன்.

அக்கா, எனக்கு இருக்கும் ஒரே சாட்சி நீங்கள்தான். அந்த அயோக்கியன் பேசியது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நான் கத்தியதும் உங்கள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தட்டிலிருந்த பானிட்சா பலகாரத்தைக்கூட முடிக்காமல் அத்தானை இழுத்துக்கொண்டு ஓடினீர்களே, தம்பிக்கு நேர்ந்த அவமானத்தைக் காணச் சகிக்காமல்தானே? கூடப் பிறந்த பாசம் வேறு யாருக்கு வரும்! வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து, மின்கோவின் முகத்துக்கு நேரே, அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும். என் மகள் எனக்குத் திரும்பக் கிடைப்பது உங்கள் நாக்கில்தான் இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

உங்கள் பாசமுள்ள தம்பி,
டோன்சோ

பின்குறிப்பு: உறை ஒட்டும் முன் நெதெல்யா இதை வாசித்துவிட்டாள். "மனுஷா, இங்க வா" என்று விருந்தன்று நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்காரவைத்து என் கண்ணைத் துண்டால் கட்டினாள். "நீ ஒரு கழுதை" என்று கிசுகிசுப்பு வந்தது. "எந்தப் பக்கம் நிக்கிறேன், சொல்லு." வலப்பக்கம் என்றேன். துண்டை அவிழ்த்தாள்; என் இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். "இடது பக்கம் பேசினா எலும்பு வழியா போய் உன் வலது காதுலதான் கேக்கும்னு அந்தப் பொண்ணு தலைபாடா அடிச்சுக்கிட்டு சொன்னாளே! கிசுகிசுத்தா யார் குரல்னு தெரியுமா உனக்கு?" என்றாள். பிறகு பட்டனைக் கழற்றிவிட்டு மறுபடியும் அதே இடத்திலிருந்து ஏதோ சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது. எழுந்து தொப்பியை எடுத்தேன்.

உடனே மின்கோ வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று தொப்பியைக் கையில் வைத்துத் திருகினேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மன்னிச்சுட்டேன்னு எந்தக் காதுலடா சொல்லணும்?" என்றான். இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். செவ்தா வீட்டுக்கு வந்துவிட்டாள். கல்யாணம் உறுதி.

இத்தனை பக்கத்தையும் கிழித்துப் போட மனமில்லை. ஆகவே மேலே மின்கோ, அயோக்கியன் என்று வருகிற இடங்களிலெல்லாம் தயவுசெய்து உங்கள் பெயரைப் போட்டு மறுபடி ஒருமுறை வாசித்துக்கொள்ளவும்.

கல்யாணத்துக்குக் கட்டாயம் வாருங்கள். உங்களுக்கு என் இடப்பக்கத்து நாற்காலிதான். பட்டனைக் கழற்ற மாட்டேன்.