மறக்கத் தெரியாத சர்வர்

காதலைச் சொல்ல ஆயிரம் வழி உண்டு. பள்ளிக்கூட சர்வர் வழியாகச் சொன்னவன் அநேகமாக நான் ஒருவன்தான். (சொன்னேன் என்பதுகூடப் பொய். அதுவே சொல்லிவிட்டது.)

அப்போது ஜீவனஹள்ளியில் அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் அல்சூரில் ஒரு தன்னார்வக் குழு கூடும். இணையம் எட்டாத மலைப் பள்ளிகளுக்கு உள்ளங்கை அளவுள்ள மலிவுக் கணினி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வேலை. அதுதான் பள்ளிக்கு சர்வர்; பாடங்களெல்லாம் அதற்குள் இருக்கும். வைஃபை வழியாகப் பிள்ளைகளுக்குப் போகும். வெயில், தூசி, அடிக்கடி போகும் கரண்ட் எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும். சில ரகங்களை வாங்கி, ஆளுக்கொன்றாகச் சோதிக்கக் கொடுத்தார்கள்.

நான் கல்விச் சேவைக்காகப் போகிறேன் என்று அக்கா நம்பினாள். நான் போனது பிரேசர் டவுன் ஸ்டெல்லாவுக்காக. திருகாணி முடுக்கும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அதைப் பார்க்க வாரம் முழுக்கக் காத்திருப்பேன். பேசியதென்னவோ, "ஸ்க்ரூடிரைவர் வேணுமா?" மட்டும்தான்.

என் கணினியைத் தகரப் பெட்டியில் அடைத்து மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுவிடக் கூடாதே என்று, எதுவும் புதிதாகப் பதியாதபடி அதைப் பூட்டியும் வைத்தேன். என்ன மாற்றினாலும், அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும். பூட்டியபோது அதன் வைஃபைக்கு நான் வைத்திருந்த பெயர், ஆங்கில எழுத்தில், "ஸ்டெல்லா டீ குடிக்கலாமா". (போனைத் திறந்தால் அந்தப் பெயர் தெரியும். அதில் ஒரு சுகம்.)

சோதனை நாளன்று அல்சூரில் யாரும் பார்க்கும் முன் பெயரை "பாடசாலை" என்று மாற்றினேன். பூட்டிய புத்திசாலிக்குப் பூட்டியது மறந்துபோயிற்று.

மற்றவை வெயிலில் படுத்துவிட்டன. குழுத் தலைவர் மஞ்சுநாத் அண்ணா என் கணினியின் பிளக்கைப் பிடுங்கினார். "இப்ப பாக்கலாம் குரு, தாங்குதான்னு!" (குரு என் பெயரல்ல. அவருக்கு எல்லோரும் குருதான்.)

மறுபடி சொருகினார். எல்லோரும் போனைப் பார்த்தார்கள். மஞ்சுநாத் அண்ணா வாய்விட்டே படித்தார். "ஸ்டெல்லா... டீ... குடிக்கலாமா. அய்யோ, கரண்ட் போனாலும் மறக்கல! இதையே வாங்கலாம்!"

கூரை அதிரச் சிரிப்பு. நான் மேசைக்கடியில் புகுந்து, சுற்றத் தேவையில்லாத ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள்.

"டீதானே? வாங்க."

கடை வாசலில் நின்றோம். அவள் டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்: "சர்வர மலைக்கு நான்தான் கொண்டுபோறேன். அந்த ஸ்கூல்லயே இருந்து பாத்துக்க ஒத்துக்கிட்டேன்."

"எப்ப வருவீங்க?"

"தெரியல. இத முன்னாடியே வாயத் தெறந்து கேட்டிருக்கலாம்ல?"

என் டீயில் ஆடை படிந்திருந்தது.

அவள் அங்கேயே டீச்சராகிவிட்டாள். சர்வரின் வைஃபை பெயரை மாற்றித் தரவா என்று மெசேஜில் கேட்டிருந்தேன். மலையிறங்கி சிக்னல் கிடைத்த ஒரு நாள் பதில் வந்தது: "வேணாம். பசங்களுக்குப் பழகிடுச்சு."

விஷயம் எப்படியோ அக்காவுக்கும் எட்டிவிட்டது. இன்றைக்கும் அவள் வீட்டில் கரண்ட் போய் வந்தால், சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "டேய், யார் பேரு வருதுன்னு பாரு!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு வைஃபைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். கடைசிப் பெயர் வரை பார்ப்பேன்.